ஒரே படம் பாலக்காட்டில் அருமை, பொள்ளாச்சியில் மொக்கை: எப்படி?

கேள்வி இதுதான்: "நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வாரம் ஒருமுறை நண்பர்கள் உட்கார்ந்து, பார்த்த படங்களைப் பற்றிப் பேசுவோம். சமீபத்தில் ஒரு மலையாளப் படத்தைச் சிலர் பாலக்காட்டில் மலையாளத்திலேயே பார்த்தார்கள், சிலர் பொள்ளாச்சியில் தமிழ் டப்பிங்கில் பார்த்தார்கள். ஒரு கட்சி அருமை என்கிறது, மறு கட்சி மொக்கை என்கிறது. நடிப்பு செயற்கையாக இருக்கிறது, வசனமே கேட்கவில்லை, பின்னணி இசை காதைக் கிழிக்கிறது என்று ஒரே சண்டை. யார் சொல்வது சரி? எங்களைப் போல எல்லையில் இருப்பவர்கள் எந்த மொழியில் பார்ப்பது நல்லது?"

இரண்டு கட்சியும் சரியாகத்தான் சொல்லியிருக்கும். இரண்டு பேரும் பார்த்தது ஒரே படமே இல்லை. எந்தப் பதிப்பு, எந்த அரங்கு, எந்தக் காட்சி என்ற மூன்றையும் சொல்லாமல் கருத்துச் சொன்னால் பாதி நேரம் டப்பிங் ஆட்களையோ ஸ்பீக்கரையோதான் விமர்சித்துக்கொண்டிருப்போம், இயக்குநரை இல்லை.

முதலில் டப்பிங். மூலப் படக்குழு அனுப்புவது படமும், வசனம் நீக்கிய இசை-ஒலி ட்ராக்கும். இதை 'எம் அண்ட் இ' என்பார்கள். மூலப் படத்தில் வசனத்தையும் ஸ்டுடியோவில் தனியாகப் பதிவு செய்திருந்தால் இந்த ட்ராக் முழுசாக இருக்கும். காலடிச் சத்தம், கதவு, பாத்திரம் எல்லாம் தனித்தனியாகச் சேர்த்தவை என்பதால் வசனத்தை எடுத்தாலும் அவை அப்படியே நிற்கும். படப்பிடிப்பிலேயே வசனம் பதிவான படம் என்றால், அதாவது சிங்க் சவுண்ட் என்றால், அங்கேதான் சிக்கல். நடிகர் பேசும்போது விழுந்த மழைச் சத்தம், சட்டை உரசல், பெருமூச்சு எல்லாம் அவர் குரலோடு ஒரே மைக்கில் ஒட்டிக்கிடக்கும். குரலை எடுத்தால் அவையும் போய்விடும். அந்த ஓட்டையை அடைக்க எல்லாச் சத்தத்தையும் திரும்ப உருவாக்க வேண்டும். அதற்கு நாளும் ஆகும், பணமும் ஆகும். அவசரமாக வெளியிடும் டப்பிங்கில் அதைச் சுருக்கிவிடுவார்கள். விளைவு, ரெண்டு பேர் வயல் வரப்பில் நின்று பேசுவார்கள், கேட்பது கண்ணாடி அறைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். உங்கள் நண்பர் 'நடிப்பு செயற்கை' என்றாரே, பெரும்பாலும் இந்த வெற்றிடத்தைத்தான் சொல்லியிருப்பார். முகம் நடிக்கிறது, மூச்சு காணோம்.

அடுத்தது வாயசைவு. படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. நெருக்கக் காட்சியில் குரல் ரெண்டு மூன்று ஃபிரேம் தள்ளினாலே பலருக்கு உறுத்தும். ஆனால் நேரப் பொருத்தத்தைவிடப் பெரிய தலைவலி உதடு. ப, ம இரண்டுக்கும் உதடு மூடியே ஆக வேண்டும், அதை மறைக்க முடியாது. மலையாளத்தில் 'வேண்டா' என்று சொல்லி நடிகர் வாயைத் திறந்தபடி நிறுத்துகிறார். தமிழில் 'வேண்டாம்' என்று அச்சடித்த மாதிரி உச்சரித்தால் கடைசி 'ம்'முக்கு மூட உதடு இல்லை. தேர்ந்த குரல் கலைஞர் நாம் வீட்டில் பேசுவது போல மூக்கோடு 'வேணாம்' என்று விட்டுவிடுவார், உதடு மூடாமலே தப்பிவிடும். புதியவர் பளிச்சென்று 'வேண்டாம்!' என்பார், பொய் தெரிந்துவிடும். தெலுங்கில் தலைகீழ். அங்கே 'செப்பு' என்றால் நடுவில் உதடு மூடுகிறது, நம் 'சொல்லு'வில் மூடாது. அதற்காகக் கதாநாயகன் 'செப்பு' என்று புலவர் தமிழில் கேட்க முடியுமா? 'சொல்லுப்பா', 'சொல்லும்மா' என்று ஒட்டுப்போடுவார்கள். டப்பிங் படங்களில் ஆளாளுக்கு அப்பா, அம்மா, அப்படியா, அப்பப்பா என்று கொட்டுவது இந்த உதட்டுக் கணக்கால்தான்.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. குறை எப்போதும் டப்பிங்கில் இருக்காது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். திரையிலிருந்து 100 அடி தள்ளிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் சத்தம் வந்து சேரவே ரெண்டு ஃபிரேம் நேரம் ஆகிவிடும். பழைய நீளமான அரங்கில் பின்னால் உட்கார்ந்து மூல மொழிப் படம் பார்த்தாலும் வாய் கொஞ்சம் தள்ளித்தான் தெரியும்.

இலக்கணத்துக்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. எல்லை ஊர்க்காரர்களுக்குத்தான் இது நன்றாகப் புரியும். மலையாள வினைக்கு ஆண், பெண், தன்மை, படர்க்கை விகுதி எதுவும் கிடையாது. ஞான் வன்னு, அவன் வன்னு, அவள் வன்னு, எல்லாவற்றுக்கும் ஒரே 'வன்னு'தான். திகில் படத்தில் ஒரு சாட்சி 'ராத்திரி வன்னு, வாதில் தட்டி' என்று சொன்னால் வந்தது ஆணா பெண்ணா என்று மலையாளப் பார்வையாளருக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்பதுதான் அந்த வசனத்தின் வேலை. தமிழில் வந்தான் என்றாலும் வந்தாள் என்றாலும் குட்டு உடைந்தது. 'வந்தாங்க' என்று மரியாதைப் பன்மையில் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் கொலைகாரனுக்கு மரியாதை கொடுக்கிறாரே என்று அடுத்த நொடி பார்ப்பவருக்கு இடிக்கும். நல்ல வசனகர்த்தா 'கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு' என்று வாக்கியத்தையே திருப்பிப் போடுவார். 'தமிழில் பார்த்தேன், இடைவேளைக்கு முன்பே யாரென்று தெரிந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் உடனே திரைக்கதையைக் குறை சொல்லாதீர்கள்.

இதே விஷயம் மலையாளத்தில் நேரடியாகப் பார்க்கும் தமிழரையும் வேறு விதத்தில் படுத்தும். எழுவாயை விட்டுவிட்டு வேகமாகப் பேசும்போது நம் காது வாக்கியத்தின் கடைசியில் '-ஏன், -ஆன், -ஆள்' விகுதி வருமா என்று காத்திருக்கும். வராது. யார் செய்ததென்று தெரியாமல் ரெண்டு வாக்கியம் நழுவும். தெலுங்கில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒருமையில் ஒரே வினை. 'வச்சிந்தி' என்றால் அவள் வந்தாள் என்பதும் அதுதான், அது வந்தது என்பதும் அதுதான். நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழருக்குப் பழகிப்போயிருக்கும். சென்னையிலிருந்து போய்ப் பார்ப்பவருக்குக் கொஞ்ச நேரம் குழம்பும்.

புரிந்த மாதிரி ஏமாற்றும் சொற்களும் உண்டு. 'அவசரம்' என்ற ஒரே சொல் நமக்குப் பரபரப்பு, தெலுங்கருக்குத் தேவை, மலையாளிக்கு வாய்ப்பு. மலையாளத்தில் 'விஷமம்' என்றால் வருத்தம். மகன் செத்த வீட்டில் அம்மாவுக்கு விஷமம் என்று ஒருவர் சொல்ல, தமிழ்க் காது குறும்பு என்று எடுத்துக்கொண்டால் காட்சியே கெட்டது. 'பட்டி' நாய். 'மதி' போதும். கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்தவருக்கு இதெல்லாம் பால்பாடம். பொள்ளாச்சியிலிருந்து துணைக்கு வரும் மச்சானுக்கு இந்த நாலைந்து சொல்லை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், படம் ஓடும்போது காதில் கிசுகிசுக்க வேண்டியிருக்காது.

வட்டார வழக்கு டப்பிங்கில் தப்பிப்பது அபூர்வம். திருச்சூர்க்காரரின் இழுவை, கோழிக்கோட்டு மாப்பிள்ளைப் பேச்சு, திருவனந்தபுரத்து 'எந்தரடே' எல்லாம் சேர்ந்து ஊர்பேர் இல்லாத ஒரே தமிழாகிவிடும். தெலுங்கில் ராயலசீமைக் கரகரப்புக்கும் தெலங்கானா வழக்குக்கும் அதே கதிதான். பாத்திரத்தின் ஊரே நகைச்சுவையாக இருக்கும் படத்தை டப்பிங்கில் பார்த்துச் சிரிப்பு வரவில்லை என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பாட்டு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததே. மெட்டுக்கும் உதட்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட பாடலாசிரியரை மன்னித்து விடுங்கள்.

இரண்டு மொழி மோதுவதே கதையாக இருக்கும் படங்களை டப்பிங்கில் பார்க்கவே கூடாது என்பது என் கட்சி. 2024 பிப்ரவரியில் வந்த மஞ்ஞும்மல் பாய்ஸ் தமிழ்நாட்டில் மலையாளத்திலேயே ஓடிப் பெரிய வெற்றி பெற்றது. கொடைக்கானலில் மாட்டிக்கொண்ட பையன்கள் மலையாளம் பேச, ஊர்க்காரரும் போலீசும் தமிழ் பேச, ஒருவர் சொல்வது மற்றவருக்கு அரைகுறையாகப் போய்ச் சேருவதில்தான் அந்தப் பதற்றம் இருக்கிறது. எல்லோரும் தமிழ் பேசிவிட்டால் பாதிக் காட்சிகளில் பதற்றத்துக்குக் காரணமே இல்லாமல் போகும். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் நண்பகல் நேரத்து மயக்கம் இன்னும் கறார். பேருந்தில் தூங்கி எழுந்த மலையாளி ஒருவர் வழியில் இருக்கும் தமிழ்க் கிராமத்துக்குள் போய், சுந்தரம் என்ற அந்த ஊர்க்காரராகவே மாறித் தமிழ் பேச ஆரம்பிக்கிறார். மம்மூட்டி எந்த நொடியில் மொழி மாறுகிறார் என்பதுதான் அங்கே திருப்பம். ஒரே மொழியாக்கினால் அது வெறும் தூக்கக் கலக்கமாகிவிடும்.

மறுபக்கம், டப்பிங் மாதிரி தோன்றும் எல்லாமே டப்பிங் இல்லை. பாகுபலியைத் தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்தே எடுத்தார்கள். அப்படி எடுத்த காட்சிகளில் நடிகரின் உதடே தமிழ் பேசும். எது எப்படி என்று தெரிய எளிய வழி, முதலில் காட்டும் தணிக்கைச் சான்றிதழைப் படிப்பது. அந்தச் சில நொடிகளில் பாப்கார்ன் தேடாமல் மொழி, டப்பிங்கா, படத்தின் நீளம் எத்தனை நிமிடம் என்ற மூன்றை மட்டும் பாருங்கள். டப்பிங் பதிப்புக்குப் பெரும்பாலும் தனிச் சான்றிதழ் இருக்கும். மூலத்தைவிடப் பத்து நிமிடம் குறைவு என்றால் 'அந்த அண்ணன் பாத்திரம் திடீரென்று காணாமல் போய்விட்டது' என்ற புகாருக்கு விடை அங்கேயே இருக்கிறது.

இனி அரங்கு. வசனம் கேட்கவில்லை, இசை மட்டும் இடிக்கிறது என்ற புகாருக்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம். 5.1 ஒலியில் (திசைக்கொரு தடமாகப் பிரித்துத் தரும் முறை) வசனம் ஏறக்குறைய முழுக்கவும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும், இசை இடம் வலம் பக்கவாட்டு என்று பரவி வரும். நடு ஸ்பீக்கரின் மேல் ஸ்தாயி டிரைவர் போய்விட்டால் ச, ஸ, த போன்ற எழுத்துகள் மழுங்கி எல்லோரும் போர்வைக்குள் பேசுவது போல இருக்கும், இசையோ கம்பீரமாக ஒலிக்கும். படம் தொடங்கும் முன் ஓடும் விளம்பரத்தில் பேசுபவரின் குரலும் இதே மாதிரி மழுங்கினால் பழி ஸ்பீக்கர் மேல். விளம்பரம் தெளிவாக இருந்து படம் மட்டும் மழுங்கினால் கலவை செய்தவர் மேல்.

இரண்டாவது காரணம் ஒலி அளவு. அரங்க ஒலிப் பெட்டியில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் 7இல் இருப்பதுதான் அளவுகோல். அந்த நிலையில் திரைப்பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் சோதனை ஒலியில் 85 டெசிபல் கொடுக்கும்படி அமைப்பார்கள், கலவை செய்பவரும் அதை நம்பித்தான் செய்வார். நடைமுறையில், காது வலிக்கிறது என்று யாராவது சொல்ல, ஆபரேட்டர் 5க்கோ 4.5க்கோ இறக்கிவிடுவார். சண்டையும் பாட்டும் அப்போது சுகமாக இருக்கும், மெல்லிய வசனம் தரைக்குள் போய்விடும். அதற்குப் பயந்து சிலர் படத்தையே சத்தமாகக் கலக்கிறார்கள், அதனால் அரங்குகள் இன்னும் இறக்குகின்றன. இந்த இழுபறிக்குச் சீக்கிரம் முடிவு வராது. மூன்றாவது எதிரொலி. வெறும் சுவரும் தகரக் கூரையும் உள்ள பழைய ஒற்றைத் திரை அரங்கில் கூட்டம் நிறைந்திருந்தால் உடம்புகள் ஒலியை உறிஞ்சும். ஞாயிறு மாலை தெளிவாகக் கேட்ட அதே வசனம் செவ்வாய் மதியம் இருபது பேரோடு பார்க்கும்போது கொழகொழவென்று ஆகும். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் நடுவாக உட்காருங்கள், ஏறத்தாழ அந்த இடத்தை வைத்துத்தான் ஒலியைச் சரிபார்ப்பார்கள். வாசலில் 'அட்மாஸ்' (கூரையிலிருந்தும் ஒலி தரும் முறை) பலகை இருந்தாலும் டப்பிங் பதிப்பு வெறும் 5.1இல் வந்திருக்கலாம். டிக்கெட்டில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் 'ராத்திரிக் காட்சியில் ஒண்ணுமே தெரியலை' என்று ஒளிப்பதிவாளரைத் திட்டுவது மட்டும் நடக்கிறது. திரையின் நடுவிலிருந்து 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வர வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமா தரம். செனான் விளக்கு வயதாக ஆக மங்கும். மாற்றச் செலவு அதிகம் என்று ஆயுளைத் தாண்டியும் ஓட்டுகிறவர்கள் உண்டு. முப்பரிமாணப் படத்துக்கான வெள்ளித் திரையில் சாதாரணப் படம் ஓடினால் நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கலாகவும் தெரியும், ஓர இருக்கைக்காரர் அதிகம் பாதிக்கப்படுவார். கறுப்புச் சட்டைக்காரரின் சட்டை மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். பகல் காட்சியில்கூட அது தெரியாமல் ஒரே கறுப்புக் கட்டியாக இருந்தால் குறை விளக்கிலோ திரையிலோதான்.

சப்டைட்டில் விஷயத்தில் எல்லை மக்களுக்கு அடிக்கடி ஏமாற்றம். பாலக்காட்டில் மலையாளப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, அதே படம் கோயம்புத்தூரில் ஓடும்போது பெரும்பாலும் இருக்கும். ஒரே படத்துக்குச் சப்டைட்டிலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று தனித்தனிக் கோப்புகள் சர்வரில் ஏறும், ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம் குறித்த திறவுகோல் தனியாக வர வேண்டும். கோப்பின் பெயரில் மொழிக் குறியீட்டுக்கு அடுத்து எக்ஸ்எக்ஸ் என்று இருந்தால் சப்டைட்டில் கிடையாது. ஆபரேட்டர் தவறான கோப்பை ஓட்டியிருந்தால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து போய்ச் சொன்னால் மாற்ற வாய்ப்பு உண்டு. இடைவேளையில் சொல்லிப் பயனில்லை. இன்னொன்று, அகலம் குறைந்த படத்தை (1.85:1) அகலத் திரைக்கான (2.39:1) அமைப்பில் ஓட்டினால் தலையும் சப்டைட்டிலின் கீழ் வரியும் வெட்டுப்படும். தலைப்பு எழுத்து ஓரத்தில் நறுக்கப்பட்டால் அப்போதே தெரிந்துவிடும்.

காட்சி நேரமும் கருத்தை மாற்றும். 2023 அக்டோபர் 19 அன்று லியோ வந்தபோது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு, கேரளத்தில் விடியற்காலை 4 மணிக்கு. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வாளையாறு தாண்டி ஆட்கள் போனார்கள். அப்படிப்பட்ட காட்சியில் விசிலுக்கும் காகிதத் தூவலுக்கும் நடுவே முதல் அரைமணி நேர வசனம் யாருக்கும் கேட்டிருக்காது. 'முதல் பாதி தீ' என்று அங்கிருந்து வரும் செய்தியைத் திருவிழா செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆந்திர எல்லையில் சூளூர்ப்பேட்டையின் பெரிய திரைக்குச் சென்னையிலிருந்து கிளம்பிப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அவ்வளவு அகலமான திரையில் சுமாரான சண்டைக் காட்சிகூடப் பிரம்மாண்டமாகத்தான் தெரியும். அதையே வீட்டில் கைப்பேசியில் பார்த்தவர் 'என்ன இது' என்பார்.

வீட்டில் ஓடிடியில் பார்க்கும்போது ஒரு வசதி உண்டு, ஒலி மொழியை நடுவிலேயே மாற்றலாம். வெட்டவெளியில் ஆட்கள் பேசும் ஒரு நிமிடத்தை முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில் கேளுங்கள். தமிழில் காற்றும் பறவையும் குறைந்து போயிருந்தால் ட்ராக் மோசம், மலையாளத்திலேயே பார்த்துவிடுங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் 5.1 ட்ராக்கை ஓட்டினால் பல நேரம் வசனம் அமுங்கும். ஸ்டீரியோ என்று தனித் தெரிவு இருந்தால் அதை எடுங்கள். படத்தை வழுவழுப்பாக்கும் 'மோஷன்' அமைப்பை அணைத்துவிடுங்கள். 24 ஃபிரேம் படத்துக்கு நடுவில் டிவி தானே ஃபிரேம் செருகுவதால்தான் சினிமா டிவி சீரியல் மாதிரி தெரிகிறது.

எந்த மொழியில் பார்ப்பது என்றால், உங்கள் ஊரில் வளர்ந்த காதுக்கு மலையாளம் மூலத்திலேயே போதும், சப்டைட்டில்கூடத் தேவைப்படாது. தெலுங்குப் படம் சண்டையும் பிரம்மாண்டமும் நம்பியது என்றால் தமிழ் டப்பிங்கில் இழப்பு குறைவு, பேச்சை நம்பியது என்றால் சப்டைட்டிலோடு தெலுங்கில் பாருங்கள். அம்மாவையும் பாட்டியையும் கூட்டிப் போவதென்றால் டப்பிங்கே சரி, ஆங்கில எழுத்து ஓடும் வேகத்தில் அவர்களால் படிக்க முடியாது, படித்துச் சொல்கிற பேரனுக்கும் படம் போய்விடும். அடுத்த முறை கூடும்போது கருத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'பொள்ளாச்சி, தமிழ் டப்பிங், செவ்வாய் மதியம், கடைசி வரிசை' என்று. குரலையும் ஒலியையும் பற்றி அவர் சொல்வதை ஒதுக்கிவிட்டு, கதையும் காட்சி அடுக்கும் பற்றி என்ன சொல்கிறார் என்று பாருங்கள். பாலக்காட்டில் பார்த்தவரும் அதே இடத்தில் இழுவை என்றால் அது உண்மையிலேயே இழுவைதான்.